தீயணைப்பான்களை எண்ணினால் போதுமா?

ஆசிரியருக்கு,

கப்பலின் தீயாபத்தை மதிப்பிடப் போகிறவர்கள் தீயணைப்பான்களை எண்ணுவதோடு நில்லாமல், முதலில் இயந்திர அறைக்குள் இறங்க வேண்டும். உயரழுத்த எரிபொருள் குழாயில் மயிரிழை விரிசல் விழுந்தால் எண்ணெய் பனிபோலப் பீய்ச்சும், பக்கத்திலேயே, இயந்திரத்தின் சூடான புகையால் சுழன்று அதற்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போசார்ஜர்; அதன் சூட்டில் எண்ணெய் பட்டால் தீதான். 220 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடிய பரப்புகளுக்கு வெப்பக்காப்பு உறை வேண்டும் என்கிறது சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை) விதி. பழுது பார்த்தபின் அந்த உறையை அரைகுறையாகக் கட்டிவிடுவதுதான் வழக்கமான கோளாறு. இயந்திரம் சுமையோடு ஓடும்போது வெப்பப்படக் கேமராவில் பார்த்தால் இடைவெளி பளிச்சென்று தெரியும்.

தீ மூண்டால் எரிபொருளை நிறுத்த வேண்டிய, எரிபொருள் தொட்டியின் அவசர மூடுவால்வை மூட முடியாதபடி கம்பியால் கட்டி வைத்திருந்தால் மற்றதெல்லாம் எதற்கு? இயந்திர அறைத் தீயை அணைக்கத் திறந்துவிடும் கார்பன் டை ஆக்சைடில் 85 சதவீதம் 2 நிமிடத்தில் அறைக்குள் பாய வேண்டும். காற்றோட்ட மூடி துருவேறிப் பாதியில் நின்றால், அத்தனை வாயுவும் வெளியேதான்.

இப்படிக்கு,
கப்பல் பொறியாளர்கள் சிலர்