கழுத்தில் வந்த தடிப்பு

அன்புள்ள செல்வி,

முழங்கால் வலி குறைந்து நடமாடுகிறாய் என்று எழுதியிருந்தாய், மனசு நிறைந்தது. நான் பதில் போடத் தாமதமானதற்கு என் தோல்தான் காரணம்.

இரண்டு மாதமாகப் பொழுது சாய்ந்தால் கழுத்தோரம் தடிப்புத் தடிப்பாக எழும்பும். சொறியச் சொறியக் காதுவரை ஏறும். விடிந்தால் சுவடே இருக்காது. சோப்பை மாற்றினேன், தலையணை உறையை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. வாயில் போடுவதையெல்லாம் நேரத்தோடு எழுதி வைக்கச் சொன்னார் மருத்துவர். ஒன்பதாம் நாள் பிடிபட்டது. தடிப்பு வந்த நாளெல்லாம் மத்தியானம் சர்க்கரை இல்லாத மிட்டாய் சாப்பிட்டிருக்கிறேன்! உறையின் பின்னால், கடுகை விடச் சின்ன எழுத்தில், எரித்ரிடால் என்று சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் இனிப்பூட்டியின் பெயர். அதை நிறுத்தினேன், தடிப்பும் நின்றது. அப்புறம் மருத்துவமனையிலேயே உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்துப் பார்த்தார். அதே கழுத்தில் மறுபடி கிளம்பியது. அபூர்வம்தான், ஆனால் வருவதுண்டு என்றார். நீ இதை வீட்டில் செய்து பார்த்துவிடாதே. உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ நொடி தாமதிக்கக் கூடாது.

நான் முதலில் சந்தேகப்பட்டது அஸ்பார்டேம் என்ற இன்னொரு இனிப்பூட்டியை. எல்லோரும் அதைத்தானே திட்டுகிறார்கள். ஆனால் அதனால்தான் தடிப்பு வருகிறது என்று நம்பியவர்களுக்கே, எது அஸ்பார்டேம், எது வெறும் மாத்திரை என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1993-இல் வெளிவந்தது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பெயர் கெட்டதையே பிடித்துக்கொண்டிருந்தால் உண்மையான காரணம் தப்பித்துவிடும், செல்வி. சார்பிட்டால் என்ற இனிப்பூட்டி அதிகமானால் வயிறு உப்பும், வயிற்றுப்போக்கும் வரும். அது ஒவ்வாமை இல்லை, குடல் அதை முழுசாக உறிஞ்சாததால் வருவது.

உனக்கு எழுத உட்கார்ந்ததே வேறொன்றுக்காக. கிருமியைக் கொல்லும் சல்ஃபா மருந்து உனக்கு ஒத்துக்கொள்ளாதே, நினைவிருக்கிறது. சாக்கரின் என்ற இனிப்பூட்டியும் வேதியியலில் அதற்கு உறவுதான். அதனாலேயே உனக்கும் வரும் என்று நான் சொல்லவில்லை, மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு. இனிப்பூட்டி சாப்பாட்டில் மட்டும் இல்லை. பற்பசை, வாய் கொப்பளிக்கும் திரவம், இருமல் மருந்து, மெல்லும் மாத்திரை எல்லாவற்றிலும் இருக்கலாம். முழங்காலுக்கு மெல்லும் மாத்திரை சாப்பிடுவதாக எழுதியிருந்தாயே, அந்த டப்பாவைத் திருப்பிப் பார். சேர்மானப் பட்டியலில் 954 என்ற எண் இருந்தால் சாக்கரின், 968 என்றால் எரித்ரிடால். எழுத்து தெரியவில்லை என்றால் போனில் படமெடுத்து அனுப்பு, நான் பெரிதாக்கிப் படித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
மல்லிகா