ஏரியின் மீது பழி போடாதீர்கள், அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டேன். முனைவர் பட்டம் முடிந்த பின்னும் வூகானிலேயே, தோங்ஹு ஏரியின் இதே கரையிலேயே, இன்னும் இரண்டு ஆண்டுகள் வேலை பார்க்கப் போகிறேன். வீட்டாருக்கு அடுத்தபடியாக உங்களுக்குத்தான் சொல்ல நினைத்தேன். ஆனால் நான் அனுப்பும் செய்திகளைப் படித்துவிட்டுப் பதில் எழுதாமல் விடுவது உங்களுக்கு வழக்கமாகிவிட்டதால் இங்கே எழுதுகிறேன். ஆய்வகத்தில் நம்மோடு இருந்தவர்கள் இதைப் படிப்பார்கள். உங்கள் புகுந்த வீட்டாரும் படிக்கக்கூடும். ஆகையால் ஏரியைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் நம்முடையது எது என்பதையோ, நீங்கள் கிளம்பிப் போனதன் காரணத்தையோ எழுதப் போவதில்லை. அந்தக் காரணத்துக்கும் ஊரின் தட்பவெப்பத்துக்கும் தொடர்பில்லை என்பது நம் இருவருக்கும் தெரியும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு விழாவில் நீங்கள் பேசிய காணொளியைப் பார்த்தேன். அந்த ஊரின் வெயிலும் குளிரும் நம்மவர்களால் தாங்கக்கூடியவை அல்ல, அதனால்தான் படிப்பைப் பாதியில் விட்டு வந்தேன் என்று மாணவிகளிடம் சொன்னீர்கள். நன்றாகத்தான் பேசினீர்கள், கைதட்டலும் பலமாக இருந்தது.

வெயிலைப் பற்றிச் சொன்னதில் பொய்யில்லை. யாங்ட்ஸி ஆற்றங்கரையின் அடுப்புகளில் ஒன்று என்று வூகானைச் சீனர்களே சொல்வார்கள். ஜூன் மாதத்தில் பிளம் பழுக்கும் பருவத்து மழை பிடித்தால் துவைத்த துணி நாட்கணக்கில் காயாது. சுவரில் பூஞ்சை ஏறும். 2016 ஜூலைத் தொடக்கத்தில் ஒரே வாரத்தில் 500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டி, நகரின் தெற்கே குடியிருப்புகளுக்குள் வெள்ளம் புகுந்த கதையை நான் வந்த முதல் நாளே சொல்லிப் பயமுறுத்தியவர் நீங்கள். மழை ஓய்ந்ததும் 38 டிகிரி வெயில் வரும். 166 ஏரிகள் உள்ள நகரம் என்பதால் காற்றின் ஈரம் இரவிலும் விலகாது. குளிர்காலம் இன்னும் மோசம். வட சீனத்தில் கட்டடங்களுக்குள் குழாய் வழியே வெப்பம் தருகிறார்கள். சின்லிங் மலைத்தொடருக்கும் ஹுவாய் ஆற்றுக்கும் தெற்கே இருப்பதால் வூகானுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. பனியைப் பார்த்துப் பழகிய வடக்கத்திப் பிள்ளைகளே இங்கே அறைக்குள் மேல்சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆனால், அக்கா, இவற்றையெல்லாம் எப்படிச் சமாளிப்பது என்று எனக்குக் கற்றுக் கொடுத்தது யார்? கோடை ஞாயிறுகளில் விடுதியில் வெந்து கிடக்காமல் ஹூபெய் மாகாண அருங்காட்சியகத்துக்கு எங்களை இழுத்துப் போவீர்கள். அனுமதி இலவசம், உள்ளே குளுகுளுவென்று இருக்கும் என்பதுதான் முதல் காரணம். 1978இல் தோண்டியெடுத்த அந்த 65 வெண்கல மணிகளின் முன்னால் மணிக்கணக்காக நின்றது பிறகு வந்த பழக்கம். ஒவ்வொரு மணியும் இரண்டு சுரம் தரும் என்று, அங்கே வந்த அந்நியர்களிடமெல்லாம் அரைகுறைச் சீனத்தில் விளக்குவீர்கள். குளிர்காலத்தில் வெயில் எட்டிப் பார்த்த மறு நிமிடம் எல்லார் போர்வையும் கொடியில் இருக்கும். காலையில் எள் விழுது பிசைந்த ரகான்மியன் நூடுல்ஸைக் காகிதக் கிண்ணத்தில் வாங்கி, வூகான்காரர்களைப் போலவே நடந்துகொண்டே சாப்பிடுவீர்கள். தாமரைக்கிழங்கும் பன்றி விலா எலும்பும் கொதிக்கும் சூப் வாசனைக்கு எந்தச் சந்துக்குள்ளும் நுழைவீர்கள். ஏரியைச் சுற்றி நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் பசுமைப் பாதையில், மோஷான் மலையடிவாரம் வரை, என்னை மிதிவண்டியில் துரத்தியதும் நீங்களே. மார்ச்சில் லுவோஜியா மலைக்குச் செர்ரிப் பூப் பார்க்க வரும் கூட்டத்தைத் தவிர அந்த ஊரில் நீங்கள் வெறுத்தது எதுவும் எனக்கு நினைவில்லை.

காணொளியில் லிங்போ வாயிலைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. 2019 ஆகஸ்டின் அந்த மாலையைச் சொல்கிறேன். வூகான் பல்கலைக்கழகத்தின் அந்த வாயிலுக்கு எதிரே, சாலையைத் தாண்டியதும், ஏரிக்குள் தூண்களின் மேல் ஓடும் ஒடுக்கமான சிமெண்டு நடைபாதை. பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. ஓய்வு பெற்ற பெரியவர்கள் இடுப்பில் கயிறு கட்டி, ஆரஞ்சு நிறக் காற்றுப் பை பின்னால் மிதந்து வர, நிதானமாக நீந்திக்கொண்டிருந்தார்கள். "நம்ம ஊர்ல சின்னப் பிள்ளைக்குச் சுரைக்குடுக்கை கட்டிக் கிணத்துல இறக்குற மாதிரி இருக்குடி" என்று சிரித்தீர்கள். சிரித்த வாய் மூடுமுன் சுடிதாரோடு தலைகீழாகப் பாய்ந்துவிட்டீர்கள். ஒரு பெரியவர் நீருக்குள் இருந்தபடியே ஏதோ உரக்கச் சொல்லிக் கட்டைவிரலை உயர்த்தினார். எனக்கு நீச்சல் தெரியாது. உங்கள் செருப்பையும் கைபேசியையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கைபேசியில் "அம்மா" என்று வந்து வந்து அணைந்ததை நீங்கள் பார்க்கவில்லை. பொழுது சாய்ந்த பிறகுதான் ஏறி வந்தீர்கள். காதில் புகுந்த நீரை வெளியேற்றத் தலையைச் சாய்த்து ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே, "அடுத்த மாசம் ஊருக்குப் போறேன். இனி வர மாட்டேன். வீட்டுல நானே சொல்லிக்கறேன், நீ வாயைத் திறக்காதே" என்றீர்கள். அதைவிட மகிழ்ச்சியான முகத்தோடு உங்களை நான் பார்த்ததில்லை. வெயில் தாங்காமல் ஊரை விட்டுப் போகிறவரின் முகம் அது இல்லை.

நான் வாயைத் திறந்தேன். அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால், மகள் சில நாட்களாகப் போனை எடுக்கவில்லை என்று நடு இரவில் அழைத்து அழும் ஒரு தாயிடம் "எனக்கு எதுவும் தெரியாது அம்மா" என்று சொல்ல எனக்கு வரவில்லை. நீங்கள் பக்கத்துக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். ஒரு நிமிடம் பேசியிருந்தால் அந்தச் சுமை என் தலையில் விழுந்திருக்காது. மன்னிப்புக் கேட்கிற இடத்தில் இப்படி எழுதுவது முறையில்லை என்று தெரிகிறது. இருந்தும் அடித்துவிட மனம் வரவில்லை.

அதற்கடுத்த ஜனவரி 23ஆம் தேதி கொரோனாவுக்காக வூகானைப் பூட்டியபோது, நான் விடுமுறைக்கு நம் ஊருக்கு வந்திருந்தேன். முன்கூட்டியே புரிந்துகொண்டு தப்பி வந்தவர் என்று உங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். நீங்கள் அதை மறுக்கவில்லை. அது எனக்குப் புரிகிறது. அதுவரை உங்களைக் கேள்வி கேட்டுத் துளைத்தவர்கள் அன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் 2022 ஆகஸ்டில் மாணவர் விசா மறுபடி கிடைக்கும் என்று செய்தி வந்து, நான் துணிமணிகளை அடுக்கியபோது, "இன்னுமா உனக்குப் புத்தி வரவில்லை?" என்று கேட்டீர்களே, அந்தக் கேள்வி ஊராருடையது. அதை உங்கள் வாயிலிருந்து கேட்டிருக்க வேண்டாம்.

காரணத்தை மேடையில் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. யாருக்கும் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. சொந்தக் காரணம் என்று நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் சொல்கிறேன். சென்ற வாரம் ஒரு பெண், விண்ணப்பத்தைப் பாதி நிரப்பிவிட்டு, உங்கள் பேச்சைக் கேட்டுப் பயந்துபோய் எனக்கு எழுதியிருந்தாள். மெத்தை மேல் விரிக்கும் மின்போர்வை ஒன்றும், ஈரத்தை உறிஞ்சும் கருவி ஒன்றும் வாங்கினால் குளிர்காலமும் மழைக்காலமும் கடந்துவிடும், மீதியை ஏரி பார்த்துக்கொள்ளும் என்று பதில் எழுதினேன். இவை முன்பு நீங்கள் எனக்குச் சொன்னவை. அதையும் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை.

நான் விடுதியை விட்டு வாடகை வீட்டுக்கு மாறிவிட்டேன். அறை சிறியது, ஆனால் இரண்டு பேர் படுக்கலாம். வருவதாக இருந்தால் செப்டம்பர் கடைசியில் வாருங்கள், ஒஸ்மாந்தஸ் பூக்கும், வெயிலும் குறைந்திருக்கும். நீச்சல் இன்னும் நான் கற்றுக்கொள்ளவில்லை. வரும் விஷயத்தை அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் என்னை அழைத்தால் இந்த முறையும் நான் பொய் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்துக் கட்டில்காரி