வார்த்த தேதியைப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆலைக் கழிவோடு சிப்பி ஓட்டையும் சேர்த்துக் கட்டடக் கல் வார்க்கலாம் என்று உங்கள் நாளிதழில் வந்ததைப் பேரன் படித்துக் காட்டினான். நாற்பது வருடம் கொத்தனாராகக் கரண்டி பிடித்தவன் நான். சிப்பி எனக்குப் புதிதில்லை. காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளைப் பழுது பார்க்கப் போனபோது கிளிஞ்சல் சுண்ணாம்பில் கை வெந்திருக்கிறது.

சிப்பி ஓட்டைச் சும்மா பொடித்துப் போட்டால் அது மணலுக்குப் பதில், அவ்வளவுதான். சுமார் 900 டிகிரியில் சுட்டு நீற்றினால்தான் சுண்ணாம்பு. 100 கிலோ சுட்டால் 56 கிலோ தேறினால் பெரிது. தூத்துக்குடிக்காரர்கள் செய்யட்டும், குவிந்து நாறுகிற ஓடு ஒழியும். உப்பை மட்டும் நன்றாகக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் சுவரில் பூத்துவிடும். சேலத்துக்கு அதை லாரி வைத்து ஏற்றி வருவானேன்? சங்ககிரியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது, மேட்டூர் அனல்மின் நிலையத்தில் சாம்பல் இருக்கிறது.

நமக்குக் குறை வேறு இடத்தில். அனல்மின் நிலையச் சாம்பலையும் சுண்ணாம்பையும் கலந்து வார்க்கிற சாம்பல் கல், செங்கல் மாதிரி நெருப்பில் வேகிற கல் இல்லை, தண்ணீரில் வேகிற கல். சாம்பலில் இருக்கிற சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு சேர்ந்து இறுக ஈரமும் வேண்டும், நாளும் வேண்டும். இரண்டு மூன்று வாரமாவது தண்ணீர் காட்ட வேண்டும். நடுவில் காயவிட்டால் இறுகுவது அங்கேயே நின்றுவிடும்.

போன சித்திரையில் ஏற்காட்டில் ஒரு வேலைக்கு 3000 கல் வந்தது. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்த லாரியில் முனை உடையாத கல்லைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. டிரைவரைக் கேட்டேன். "வார்த்து ஆறு நாள்தான் ஆச்சுங்க மேஸ்திரி" என்றார். கோடையில் தண்ணீருக்கே காசு கொடுக்கிற பட்டறைக்காரர் கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் வீட்டுக்காரர் என்ன சொன்னார்? "சாம்பல் கல்லே சரியில்லை, செங்கல் இறக்குங்க." அந்தச் செங்கல்லுக்கு இன்னொரு வயலின் மேல்மண் போகும்.

இந்தக் கல்லுக்கு ஐ.எஸ். 12894 என்று இந்தியத் தர விதி இருக்கிறது. காய்ந்த 3 கிலோ கல்லை ஒரு நாள் முழுக்க ஊறவைத்தால் 600 கிராமுக்கு மேல் குடிக்கக் கூடாது. ஒரு வாளியும் தராசும் போதும், யாரும் பார்க்கலாம். ஆனால் வீடு கட்டுகிற எல்லோரும் கல்லை ஊறப்போட்டுக்கொண்டு இருக்க முடியுமா? பால் பாக்கெட்டில் தேதி போடுகிறார்கள். கல் அடுக்கிலும் பில்லிலும் வார்த்த தேதியைப் போட்டால் போதும். இதை மாவட்ட நிர்வாகம் கட்டாயமாக்க வேண்டும்.

புதுக் கல்லைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது, எத்தனை நாள் தண்ணீர் காட்டினார்கள் என்பதையும் உங்கள் நிருபர் கேட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு பழைய கொத்தனார்,
அம்மாப்பேட்டை, சேலம்.