ரிசர்வ் பையன்களின் பெயர்களையும் எழுதி வையுங்கள்

பெங்களூரு எஃப்சி நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

அல்சூரில் பிறந்து வளர்ந்த தமிழன் நான். பக்கத்திலேயே கௌதமபுரம். பெலேவுக்குச் சிலை வைத்த பேட்டை. கால்பந்து எங்களுக்குப் புதிதில்லை; 2013ல் நீங்கள் வந்தபோது ஊரே உங்களைத் தன் பிள்ளையாக எடுத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம். வந்த முதல் வருடமே, அன்றைக்கு நாட்டின் முதன்மை லீக்காக இருந்த ஐ-லீக் கோப்பை. 2016ல் தோஹாவில், ஆசிய கிளப்கள் மோதும் ஏஎஃப்சி கோப்பை இறுதி ஆட்டம். 2019ல் மும்பையில் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) இறுதி ஆட்டம், கூடுதல் நேரம் முடியப் போகிற சமயத்தில் ராகுல் பேகே தலையால் முட்டிய அந்த கோல். இதெல்லாம் எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம்.

நான் எழுத வந்தது உங்கள் இன்னொரு அணியைப் பற்றி. ரிசர்வ் அணி. முதல் அணிக்கு இளம் பையன்களைத் தயார் செய்யும் பி டீம்.

அந்த அணியை நான் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் அசோக் நகர் ஃபுட்பால் ஸ்டேடியத்தில்தான், நம்ம ஊர் லீக்கான சூப்பர் டிவிஷன் ஆட்டங்களில். வேலை நாள், மத்தியான வெயில், கேலரியில் எண்ணிவிடக்கூடிய அளவுக்கு ஆட்கள். முதல் அணி ஆடும் கண்டீரவா ஸ்டேடியத்தில் முரசுச் சத்தத்தில் எதுவும் கேட்காது. இங்கே எல்லாமே கேட்கும். கோல்கீப்பர் கத்துவது, பூட்ஸ் பந்தில் படுவது, "பின்னாடி ஆள்டா" என்று ஒருவன் தமிழில் சொல்ல, இன்னொருவன் மலையாளத்தில் பதில் சொல்வது, எல்லாமே. ஆட்டம் முடிந்து வெளியே வரும் பையன்களின் சாக்ஸ் முழுக்கச் செயற்கைப் புல்லின் கறுப்பு ரப்பர் துகள் ஒட்டியிருக்கும். ஒருவன் படியில் உட்கார்ந்து அதைத் தட்டிக்கொண்டிருப்பான். அடுத்த வருடம் அவனையே டிவியில் பார்ப்போம். அல்லது அதற்குப் பிறகு எங்குமே பார்க்க மாட்டோம்.

ரிசர்வ் அணியின் நிலைமை மற்ற அணிகளைப் போன்றது இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். 2017-18ல் ஐஎஸ்எல் கிளப்களின் ரிசர்வ் அணிகள் ஐ-லீக் இரண்டாம் டிவிஷனில் ஆடின. எத்தனை ஆட்டம் ஜெயித்தாலும் மேலே ஏற முடியாது, அதுதான் விதி. பக்கத்து அணிக்கு அந்த மூன்று புள்ளி ஐ-லீக் கதவைத் திறக்கும். நம் பையன்களுக்கு அது வெறும் மூன்று புள்ளி. இருந்தும் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். மேலே ஏற வழியே இல்லை என்னும்போது, எந்தப் பையன் எங்கிருந்து வந்தான், எங்கே போனான் என்பதைத் தவிர அந்த அணிக்கு வேறென்ன வரலாறு இருக்க முடியும்?

சிவசக்தி நாராயணனையே எடுத்துக்கொள்ளுங்கள். காரைக்குடிப் பக்கம் கண்டனூர். ராமன் விஜயன் நடத்தும் பயிற்சிப் பள்ளியிலிருந்து 2020ல் உங்களிடம் வந்தான். நேராக முதல் அணிக்குப் போகவில்லை, ரிசர்வில்தான் ஆடினான். 2021 டூரண்ட் கோப்பைக்கு நீங்கள் பெரும்பாலும் இளம் பையன்களைத்தான் அனுப்பினீர்கள், நௌஷாத் மூசா கோச். அரையிறுதி வரை போய், எஃப்சி கோவா அணியிடம் 2-2 டிரா செய்து, பெனால்டியில் 7-6 என்று தோற்றார்கள். அடுத்த வருடம் கோவாவில், இளம் வீரர்களுக்கான முதல் டெவலப்மென்ட் லீக். ஏழு ஆட்டம், ஏழும் வெற்றி. அதே ஆண்டு செப்டம்பர் 18, கொல்கத்தா சால்ட் லேக்கில் டூரண்ட் இறுதி ஆட்டம். மும்பை சிட்டிக்கு எதிராக முதல் கோல் சிவசக்தி போட்டது. 2-1 என்று கோப்பை நம் கையில். அந்த சீசன் ஐஎஸ்எல்லில் வளர்ந்து வரும் வீரர் விருது அவனுக்கு. அதற்கு முந்தைய வருடம் அதே விருதை வாங்கிய ரோஷன் சிங்கும் நம் பி டீமில் ஆடியவன்தான். அடுத்தடுத்து இரண்டு வருடம், ஒரே கிளப்பின் ரிசர்வ் பையன்கள்! இதை நீங்கள் மேடை போட்டுச் சொல்ல வேண்டாமா?

2024 செப்டம்பரில் வினித் வெங்கடேஷ் கண்டீரவாவில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராக அந்த ஒரே கோலை அடித்தபோது என் தொண்டையே கட்டிக்கொண்டது. நம்ம ஊர்ப் பையன், பத்தொன்பது வயது.

சரி, இவர்கள் மேலே வந்தவர்கள். இவர்களை யாரும் மறக்கப் போவதில்லை. ஆனால் சிவசக்திக்குப் பந்து கொடுத்தவன் யார்? இரண்டாம் டிவிஷனில் மழையில் தொண்ணூறு நிமிடமும் ரைட் பேக்காக ஓடியவன் யார்? முட்டி போய் பத்தொன்பது வயதில் ஊருக்குத் திரும்பியவன் யார்? மூசாவும் மற்ற கோச்களும் எத்தனை பையன்களைத் தட்டிக்கொடுத்துத் தேற்றியிருப்பார்கள்?

ஸ்டேடியத்தில் வழக்கமாக என் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்காருவார். ஐடிஐ தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் நாற்பது பக்க நோட்டு, சட்டைப் பையில் பென்சில். ஆட்டம் தொடங்குவதற்குள் இரண்டு பக்கத்துப் பதினோரு பேரையும் எழுதிவிடுவார். பெயர் தெரியாவிட்டால் இறங்கிப் போய் சப்ஸ்டிட்யூட் பெஞ்சில் கேட்டுவிட்டு வருவார். கோல் போட்டவனுக்கு நேரே நிமிடம், வெளியே போனவனுக்கு ஒரு கோடு. ஏன் இவ்வளவு சிரமப்படுகிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். "நானும் செகண்ட் டீம்ல ஆடினவன்தாம்பா. அஞ்சு வருஷம். என் பேரு எந்தத் தாள்லயும் இல்ல" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

ராணுவ அணிகளே வென்றுகொண்டிருந்த ரோவர்ஸ் கோப்பையை 1937ல் முதன்முதலாகப் பிடுங்கிய இந்திய அணி பெங்களூர் முஸ்லிம்ஸ். ஐடிஐ, எச்ஏஎல் தொழிற்சாலைகள், எம்இஜி ராணுவப் பிரிவு என்று ஒவ்வொரு அணிக்கும் இந்த ஊரில் ஒரு காலம் இருந்தது. அவர்களைப் பற்றி இன்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் டீக்கடையில் வயதானவர்களைத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் அப்படி இல்லை. ஒழுங்காக அலுவலகம் வைத்து, கணக்கு வைத்து நடக்கும் கிளப்.

ஆகவே கேட்கிறேன். ரிசர்வ் அணியின் வரலாற்றைச் சின்னப் புத்தகமாகவாவது போடுங்கள். சூப்பர் டிவிஷன், இரண்டாம் டிவிஷன், டெவலப்மென்ட் லீக் என்று ஒவ்வொரு சீசனிலும் யார் யார் ஆடினார்கள், எந்த ஊர், யார் கோல் போட்டார்கள், இப்போது என்ன செய்கிறார்கள். ஐந்து நிமிடம் மட்டும் களத்தில் இருந்தவனின் பெயரும் வர வேண்டும். தமிழ், கன்னடம், மலையாளம், மணிப்புரி என்று அந்தப் பையன்களின் வீட்டில் படிக்கும் மொழிகளில் அவரவர் பக்கமாவது இருந்தால் இன்னும் நல்லது. கண்டனூரிலும் இம்பாலிலும் ஓர் அம்மா அதைப் பிரித்து வைத்துப் பார்ப்பார்.

பெரியவர் இப்போது மகள் வீட்டோடு ஓசூருக்குப் போய்விட்டார். அவருடைய நோட்டுகளில் மூன்று என்னிடம் இருக்கின்றன. ஓரம் கொஞ்சம் நைந்திருக்கிறது, எழுத்து நன்றாகத் தெரிகிறது. எந்த நாள், எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். நானே கொண்டு வந்து தருகிறேன். நகல் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தால் போதும்.

அன்புடன்,
அல்சூரிலிருந்து உங்கள் ரசிகன்