மைலேஜ் கேட்டிருந்தாய்

கோவை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது சீரியலில் யார் என்ன கரைப் புடவை கட்டியிருக்கிறார்கள் என்று எங்களுக்கே சொல்கிறார்.

சரி, கார் விஷயம். புதுக் கார் எடுக்கப் போகிறேன் என்று சொல்லி, "உன் வண்டி என்ன மைலேஜ் கொடுக்குது?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். ஒரே வரியில் பதில் இருந்தால் நான் ஏன் இரண்டு வருஷமாக வண்டிக்குள் நோட்டு வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன்? (சிரிக்காதே. ஹாஸ்டல் மெஸ் கணக்கையும் நான்தான் எழுதினேன்.) டேங்க் ஃபுல் செய்து, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, அடுத்த முறை அதே பங்க்கில் ஃபுல் செய்து வகுத்துப் பார்ப்பேன். டேஷ்போர்டில் காட்டும் மைலேஜ் என் வண்டியில் எப்போதும் ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும்.

விளம்பரத்தில் லிட்டருக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். ஊருக்குள் எனக்குக் கிடைப்பது 11.5. முதலில் வயிறு எரிந்தது. அப்புறம்தான் தெரிந்தது, அந்த 20 சோதனைக்கூடத்தில் உருளைகள் மேல் வண்டியை ஓடவிட்டு, ஏசி போடாமல், 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் எடுத்த கணக்கு. பீளமேட்டு சிக்னலில் மே மாதம் ஏசி இல்லாமல் எவன் உட்காருவான்?

ஆனால் ஏசியைவிடப் பெரிய திருடன் என் ஓட்டமே. பள்ளிக்கூடம் 3 கிலோமீட்டர், மார்க்கெட் 2. இஞ்சின் சூடாவதற்குள் அணைத்துவிடுகிறேன். ஆறிப்போன இஞ்சின் கூடுதலாகத்தான் குடிக்கும். பள்ளி விடுமுறையில் ஊர் எல்லையில் இருக்கும் நீலாம்பூர் வரை மட்டும் போய் வந்த மாதம் 14 கிடைத்தது. அவிநாசி சாலையில் 2025 அக்டோபரில் திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலம் வழியாகப் போனால் 10 கிலோமீட்டருக்கு ஒரு சிக்னல்கூட இல்லை.

பைபாஸில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 18.5. அதே வண்டி 110இல் 14.5க்கு இறங்கிவிடும். 80இலிருந்து 110 போவதற்குள் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடுகிறது, நம் வண்டிக்கோ மூஞ்சியும் உயரம்.

ஊட்டிக் கதை தனி. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறினால் 8.5. ஒன்றரை டன்னை 1,900 மீட்டர் மேலே தூக்குவதற்கே மூன்று லிட்டருக்கு மேல் போகும், கணக்குப் போட்டுப் பார்த்தேன். சீசனில் இறங்குகிறவர்களைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள். அந்த இறக்கத்தில் கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இஞ்சினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடும், சக்கரம்தான் அதைச் சுற்றும். நம் ஸ்கூட்டர் காலப் பழக்கத்தில் நியூட்ரலில் இறக்காதே. பெட்ரோலும் போகும், பிரேக்கும் கருகும்.

பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் மைலேஜ் விழுந்துவிடும் என்று உன் மைத்துனர் பயமுறுத்தினாராமே. பெட்ரோலைவிட எத்தனாலில் மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு என்பது உண்மைதான். 20 சதவீதக் கலப்பில், கலப்பில்லாத பெட்ரோலைவிட மைலேஜ் 6, 7 சதவீதம் குறையலாம். என் 20 பதினொன்றரை ஆனதற்கு அந்தப் பழியை அதன் தலையில் போட முடியாது.

நீ தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்குத் தினமும் நாலுவழிச் சாலையில் போய் வருகிறவன். என் 11.5ஐப் பார்த்து நீ பயப்படுவதில் அர்த்தமே இல்லை. உனக்கு டீசல்கூடச் சரிப்படும். 2020க்குப் பிறகு வந்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் ஒன்று இருக்கிறது. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட ஓட்டம் வேண்டும். என் பள்ளிக்கூட ஓட்டத்துக்கு அது அடைத்துக்கொள்ளும், உனக்கு அந்தக் கவலை இல்லை. பெட்ரோல் வண்டிக்கும் டீசல் வண்டிக்கும் உள்ள விலை வித்தியாசம் எத்தனை கிலோமீட்டரில் ஈடாகும் என்று மட்டும் போட்டுப் பார்.

எடுத்ததும் இங்கே ஓட்டிக்கொண்டு வா. நோட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், அட்டையில் உன் பெயரும் எழுதியாகிவிட்டது.

உன்,
பழைய மெஸ் செக்ரட்டரி