வாட்சன் ஏன் அருவியில் குதிக்க வேண்டும்?

'வாட்சன்' தொடரின் எழுத்தாளர் குழுவுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 2025 ஜனவரியில் தொடங்கிய உங்கள் தொடரின் முதல் எபிசோடைப் பார்த்தேன். துப்பறிவாளர் ஷெர்லக் ஹோம்ஸும் அவருடைய நண்பரான மருத்துவர் வாட்சனும் வரும் கதைகளை விரும்பிப் படிப்பவர்களில் ஒருவராக இதை எழுதுகிறேன்.

முதலில் பிடித்தது. ஹோம்ஸ் போய்விட்டார்; அவர் விட்டுச்சென்ற பணத்தில் வாட்சன் பிட்ஸ்பர்கில் ஒரு மருத்துவ மையம் நடத்துகிறார்; யாருக்கும் பிடிபடாத நோய்களைத் துப்புத் துலக்குகிறார். அருமையான யோசனை. எடின்பரோவில் மருத்துவம் படித்த ஆர்தர் கோனன் டாயில், தன் ஆசிரியர் ஜோசப் பெல்லை மனதில் வைத்துத்தான் ஹோம்ஸை உருவாக்கினார். நோயாளி வாய் திறக்கும் முன்பே அவரது நடையையும் கைகளையும் பார்த்துத் தொழிலைச் சொல்லிவிடக்கூடியவர் பெல். மருத்துவத்திடம் கடன் வாங்கிய கலையை மருத்துவத்துக்கே திருப்பித் தந்திருக்கிறீர்கள். பழைய படங்களில் வாட்சனை விவரம் தெரியாத கோமாளியாக்கிய வழக்கத்தையும் விட்டிருக்கிறீர்கள். வாட்சனாக நடிக்கும் மோரிஸ் செஸ்ட்நட்டின் நிதானம் அந்தப் பாத்திரத்துக்கு மரியாதை சேர்க்கிறது.

என் மனத்தாங்கல் அந்த அருவிக் காட்சியில்தான் தொடங்குகிறது. ஹோம்ஸும் அவருடைய பரம எதிரி மோரியார்ட்டியும் அருவியில் விழுவதைக் கண்டு வாட்சனும் பின்னாலேயே குதிக்கிறார்; தலையில் காயம் படுகிறது. பார்க்க விறுவிறுப்புதான். ஆனால் 1893இல் வெளிவந்த மூலக்கதையில் அந்த நேரத்தில் வாட்சன் அங்கே இல்லவே இல்லை. காசநோய் முற்றிய ஓர் ஆங்கிலேயப் பெண் விடுதியில் உயிருக்குப் போராடுகிறாள், ஆங்கிலேய மருத்துவர் ஒருவர் வர வேண்டும் என்று ஒரு கடிதம் வருகிறது. நண்பரைத் தனியே விட்டுவர வாட்சனுக்கு மனமில்லை. அந்நிய மண்ணில் சாகக் கிடப்பவளை மறுக்கவும் முடியவில்லை. திரும்பி நடக்கிறார். கடிதம் பொய். ஹோம்ஸுக்கு அது முன்பே தெரியும், இருந்தும் போகவிடுகிறார். தன் நண்பர் எப்படிப்பட்ட மருத்துவர் என்று அவருக்குத் தெரியாதா?

மருத்துவரையே நாயகனாக்கும் ஒரு தொடருக்கு இதைவிட வலுவான தொடக்கம் எங்கே கிடைக்கும்? யாரோ ஒரு நோயாளிக்காகப் போனதால் உயிர் நண்பரை இழந்தவர், அதற்குப் பிறகும் ஒவ்வொரு நாளும் நோயாளியின் அருகே போய் உட்கார வேண்டும். அந்தத் துயரம் தலையில் பட்ட காயத்தைவிட ஆழமானது. அதை நீங்கள் கைவிட்டதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

அப்புறம், உங்கள் வாட்சன் பேசுவதெல்லாம் ஹோம்ஸின் பேச்சாக இருக்கிறது. சட்டென்று விடையைச் சொல்கிறார், சுற்றி நிற்கும் இளம் மருத்துவர்கள் வியக்கிறார்கள். டாயில் எழுதிய 60 கதைகளில் 56ஐ நமக்குச் சொன்னவர் வாட்சன். ஒரு மனிதரைப் பொறுமையாகக் கவனித்து, அவர் கதையை இன்னொருவருக்குப் புரியும்படி சொல்வது பெரிய திறமை. நோயாளியின் வரலாற்றைக் கேட்டு எழுதும் மருத்துவருக்கு அது மிகவும் தேவையும்கூட. மரபணுச் சோதனையின் முடிவு வருவதற்கு முன்னால், அவர் ஒரு நோயாளியிடம் கேள்விகள் கேட்டு, குறுக்கிடாமல் பதிலைக் கேட்கும் ஒரு முழுக் காட்சியை எழுதுங்கள். விடையை அந்த இளையவர்களில் ஒருவர் கண்டுபிடிக்கட்டும்.

மோரியார்ட்டியை முதல் எபிசோடிலேயே கொண்டுவந்துவிட்டீர்கள். அவர் சில வாரம் காத்திருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. அந்த நேரத்தை நோயாளிகளுக்குக் கொடுங்கள். அடுத்த எபிசோடையும் நம்பிக்கையோடு பார்ப்பேன்.

அன்புடன்,
ஹோம்ஸ் கதைகளின் வாசகர் ஒருவர்