பதிவேட்டில் இல்லாத கட்டம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில், குழந்தைகள் இல்லங்களில் தங்கியிருக்கும் பதின்வயதுப் பையன்களின் புகைப்பழக்கம் பற்றிய கட்டுரையில், ‘கண்டித்தும் திருந்தாத பிள்ளைகள்’ என்று தங்கள் நிருபர் எழுதியிருந்தார். கீழக்கரைக்கும் மண்டபத்துக்கும் இடையே ஒரு கடலோர இல்லத்தில் பதினோரு ஆண்டுகள் இரவுக் காப்பாளராக இருந்தவன் நான். அந்தச் சொல் எனக்குப் புதிதல்ல. எங்கள் பதிவேட்டிலும் அதையே எழுதினோம். எழுதிய கைகளில் என்னுடையதும் ஒன்று.

எங்களிடம் வந்த பையன்களில் பலர் பீடிப் பழக்கத்தோடுதான் வந்தார்கள். தந்தை கடலுக்குப் போய்த் திரும்பாமலோ, தாய் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போயோ, பன்னிரண்டு பதின்மூன்று வயதில் வலை இழுக்கப் போனவர்கள் அவர்கள். விடியற்காலைக் குளிருக்கும் கண்ணைச் செருகும் தூக்கத்துக்கும் மருந்தென்று படகில் பெரியவர்கள் நீட்டியதுதான் முதல் பீடி. இல்லத்தில் சேர்ந்த அன்றே அதை நிறுத்தச் சொன்னோம். நிக்கோட்டினுக்குப் பழகிய உடல் அது கிடைக்காத முதல் சில நாட்களில் எரிச்சலும் தூக்கமின்மையும் கவனச்சிதறலுமாகத் தவிக்கும் என்பது தாங்கள் அறியாததல்ல. எங்கள் மேலாளர் அதற்கு வைத்திருந்த பெயர் திமிர்.

ஒரு பையனுக்குத் தண்டனையாகப் பொங்கல் விடுமுறையை ரத்து செய்தார்கள். அன்றிரவே அவன் சுவர் ஏறிக் குதித்துப் பாம்பன் வரை நடந்து போய், காயப் போட்டிருந்த வலைகளுக்கு நடுவே படுத்துக் கிடந்தான். அவனைத் தம் சிகரெட்டுக்காகப் பெட்டிக்கடைக்கு நாள்தோறும் அனுப்பியவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பதிவேட்டில் அதற்குக் கட்டமில்லை.

சட்டத்துக்கும் குறைவில்லை. 2003ஆம் ஆண்டின் புகையிலைப் பொருட்கள் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவருக்கு விற்றால் 200 ரூபாய் வரை அபராதம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவின்படி, குழந்தைக்குப் புகையிலை கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சிகரெட் பெட்டியின் 85 சதவீத இடத்தை எச்சரிக்கைப் படம் அடைத்திருக்கிறது. ஆனால் பையன் வாங்குவது உதிரியாக ஒன்று, அதில் படம் ஏது? தங்கள் நிருபர் பையன்களின் சட்டைப் பையைப் பற்றி இவ்வளவு எழுதினாரே, அடுத்த தெருக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

காப்பகங்களின் உள்ளே எட்டிப் பார்க்க நமக்கு நெருப்பு வேண்டியிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மடிந்தபோது பத்திரிகைகள் அனைத்தும் வந்தன. அதற்கு முந்தைய நாள் வரை அந்தச் சங்கிலிகள் எவர் கண்ணிலும் படவில்லை. பீடியையும் அந்தத் தீயையும் ஒன்றாக வைத்துப் பேசவில்லை. பார்ப்பவர்களைப் பற்றிப் பேசுகிறேன்.

என் மகனும் பதினாறு வயதில் சிகரெட் பிடித்தான். அவன் அம்மா இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவனுக்குப் பிடித்த மீன்குழம்பு வைத்தாள். பிறகும் இரண்டு முறை பிடித்து அகப்பட்டான், திட்டு வாங்கினான், சாப்பிட்டுவிட்டுத் தூங்கினான். அவனைத் திருந்தாதவன் என்று யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. இல்லத்துப் பையனுக்கோ, அந்த ஒரு சொல் கோப்போடு சேர்ந்து அடுத்த இல்லத்துக்கும் போகிறது.

அச்சிட்ட சொல்லைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்டுத் தங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. குழந்தைகள் உதவி எண் 1098, புகையிலைப் பழக்கத்தை விட விரும்புவோருக்கான இலவசத் தொலைபேசி எண் 1800-11-2356 ஆகிய இரண்டையும் வரும் ஞாயிறு இதழில் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் வெளியிட்டால் போதும். ராசிபலனுக்கு ஒதுக்கும் இடத்தில் கால் பங்கு கூட ஆகாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இரவுக் காப்பாளர்,
மண்டபம்.